நுணபரிசோதனைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்: பாலிகிராஃப் அறைக்குள் நடக்கும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் தம்பி சித்தூர் தாலுகாவில் ஒரு அரிசி ஆலையில் எடை போடும் வேலை பார்க்கிறான். ஆபீஸ் லாக்கரில் இருந்த நாலு லட்சம் காணாமல் போய்விட்டது. ஸ்டேஷனுக்கு மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். இப்போது திருவனந்தபுரத்தில் நுணபரிசோதன என்று சொல்லி, மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யாதவனுக்கு என்ன பயம் என்கிறார்கள். போகலாமா? சோதனை செய்கிறவரே தப்பாக நடந்துகொண்டால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தம்பி அந்தத் தாளில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். வக்கீல் பார்க்காமல், மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லாமல் ஸ்டேஷன் மேசையில் வாங்கும் கையெழுத்து, உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி சம்மதமே ஆகாது. ஆனாலும் அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் அவரை வண்டியில் ஏற்றுவார்கள்.

நுணபரிசோதன என்ற அந்தச் சொல்லிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. மலையாளத்தில் 'நுண' என்றால் பொய்; நுணபரிசோதன என்பது பொய் கண்டறியும் பாலிகிராஃப் சோதனை. தமிழ்க் காதுக்கு அது 'நுண் பரிசோதனை' என்று விழும். ரத்தம், கைரேகை பார்ப்பதுபோல ஏதோ நுட்பமான மருத்துவப் பரிசோதனை என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. நம் எல்லையோரத் தமிழர்களில் மலையாளம் சரளமாகப் பேசுகிறவர்கள் நிறைய. வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த அளவு இல்லை. 'சம்மதபத்ரம்' என்ற தலைப்பை யாராவது வாசித்துச் சொன்னாலும், கீழே உள்ள நாலு வரியில் எதற்குச் சம்மதம், எப்போது மறுக்கலாம், சொன்னது எப்படிப் பயன்படும் என்பதெல்லாம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. புரியாத மொழியில் வாங்கிய சம்மதம்தான் இந்தத் துறையின் முதல் ஒழுக்கக்கேடு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

கருவி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் தவறு எங்கே நுழைகிறது என்று புரியும். நெஞ்சிலும் வயிற்றிலும் இரண்டு பட்டைகள் மூச்சை அளக்கும். இரண்டு விரல் நுனிகளில் மாட்டும் தகடுகள் தோலின் மின்கடத்தலை, அதாவது வியர்வையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும். புஜத்தில் சுற்றும் பட்டை, ரத்த அழுத்தம் பார்க்கும் அதே பட்டைதான், நாடித்துடிப்பையும் அழுத்த மாற்றத்தையும் பதியும். பொய்யை அளக்கும் உறுப்பு உடம்பில் கிடையாது. ஆகவே பொய்யை அளக்கும் கம்பியும் இந்தப் பெட்டியில் கிடையாது. உடம்பு பதறியதைத்தான் அது எழுதும். பதறியது பொய்யாலா, பயத்தாலா, அவமானத்தாலா என்று முடிவு செய்வது எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர், அதாவது சோதனை நடத்தும் ஆய்வாளர். அதனால்தான் அந்த மனிதரின் நேர்மை கருவியைவிடப் பெரிய விஷயம்.

பெரும்பாலும் கேட்கப்படுவது ஒப்பீட்டுக் கேள்வி முறை. உங்கள் தம்பி வழக்கை வைத்தே பார்ப்போம். "அன்று இரவு அந்த லாக்கரிலிருந்து பணத்தை எடுத்தாயா?" என்பது வழக்குக் கேள்வி. "இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், உன்னை நம்பியவரிடமிருந்து எப்போதாவது எதையாவது எடுத்திருக்கிறாயா?" என்பது ஒப்பீட்டுக் கேள்வி. இரண்டாவதற்கு யாரும் முழு மனதோடு 'இல்லை' என்று சொல்ல முடியாது. அப்பாவி இரண்டாவதில் அதிகம் பதறுவார், குற்றவாளி முதலாவதில் அதிகம் பதறுவார் என்பதுதான் இதன் அடிப்படை. வேலை போகும், ஊரில் பெயர் கெடும் என்று நடுங்கிக்கொண்டிருக்கும் அப்பாவி முதல் கேள்வியில் பதற மாட்டாரா? பதறுவார். இந்த முறையின் தீராத ஓட்டை இது. நேர்மையான ஆய்வாளர் இதை ஒப்புக்கொண்டு, முடிவைத் தயக்கத்தோடு எழுதுவார். மற்றவர் இந்த ஓட்டையையே கருவியாக்கிக்கொள்வார்.

இன்னொரு முறை இருக்கிறது. டேவிட் லிக்கன் என்ற உளவியலாளர் 1959இல் எழுதியது. குற்றம் செய்தவருக்கு மட்டும் தெரிந்த தகவல் அவர் மனதில் இருக்கிறதா என்று பார்ப்பது. "பணம் எதில் கட்டியிருந்தது? மஞ்சப்பையா, செய்தித்தாளா, உரச்சாக்குத் துண்டா, பழைய துண்டா, பிளாஸ்டிக் கவரா?" ஒன்றுமே தெரியாதவருக்கு ஐந்தும் ஒன்றுதான். ஒரு கேள்வியில் தற்செயலாகச் சரியான இடத்தில் பதற ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஐந்து கேள்வியிலும் அப்படி நடக்க 3125இல் ஒன்று. அப்பாவிக்குப் பாதுகாப்பான முறை இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்தத் தகவல் விசாரணையில் வெளியே வந்திருக்கக் கூடாது. மூன்று தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது "மஞ்சப்பையோட எடுத்துட்டு எங்கடா வெச்சே?" என்று எஸ்.ஐ. ஒரு தடவை கேட்டிருந்தாலே போதும், இந்தச் சோதனை செத்துவிட்டது. அதற்குப் பிறகும் அதை நடத்தி "மஞ்சப்பைக்குப் பதறினான்" என்று எழுதுவது அறிவியலும் இல்லை, நேர்மையும் இல்லை. நடந்த விசாரணையில் என்னென்ன சொல்லப்பட்டது என்று ஆய்வாளர் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை என்றால் அது அவர் தவறு.

மொழியும் இதே மாதிரிதான் முடிவைக் கெடுக்கும். கேள்விகள் மலையாளத்தில் தயாராகும். மலையாளத்தில் 'கள்ளம் பறயுக' என்றால் பொய் சொல்லுதல். "எப்போழெங்கிலும் கள்ளம் பறஞ்ஞிட்டுண்டோ?" (எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறாயா?) என்பது அவர்களுக்குச் சாதாரண ஒப்பீட்டுக் கேள்வி. திருட்டு வழக்கில் உட்கார்ந்திருக்கும் தமிழருக்குக் 'கள்ளம்' என்றால் களவு நினைப்புத்தான் வரும். ஒப்பீட்டுக் கேள்வி அவருக்கு வழக்குக் கேள்வியாகிவிடும். மதிப்பெண் போடும் கணக்கே தலைகீழாகும். கொலை வழக்காக இருந்தால் 'மரிச்ச சமயம்' என்பது 'மறிச்ச சமயம்' என்று விழும். செத்ததைக் கேட்கிறார்களா, வழிமறித்ததைக் கேட்கிறார்களா என்று அவர் யோசிக்கும் அந்த இரண்டு நொடியில் மூச்சு மாறும், கோடு ஏறும். ஆய்வாளருக்கு அது பொய். ஆகவே கேள்விகள் முழுக்கத் தமிழில் எழுதப்பட்டு, ஒவ்வொன்றும் முன்கூட்டியே வாசித்துக் காட்டப்பட்டு, எப்படிப் புரிந்துகொண்டார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ஸ்டேஷன் போலீஸ்காரர் ஒருவரையே மொழிபெயர்ப்பாளராக உட்கார வைப்பது கூடவே கூடாது.

இனி சட்டம். செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்புச் சொன்னது. மருந்து கொடுத்துப் பேச வைக்கும் நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைப் பதிவு மூன்றையும் ஒருவர் விருப்பத்துக்கு மாறாக நடத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 20(3) (தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது), 21 (உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமை) ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் பாலிகிராஃபுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது. அந்த நெறிகள் சொல்வது இது. சம்மதம் இல்லாமல் சோதனை இல்லை. சம்மதிக்க நினைப்பவருக்கு வக்கீல் கிடைக்க வேண்டும். உடலுக்கும் மனதுக்கும் வழக்குக்கும் என்ன ஆகும் என்று போலீசும் வக்கீலும் விளக்க வேண்டும். சம்மதத்தை நீதித்துறை மாஜிஸ்திரேட் பதிவு செய்ய வேண்டும், அங்கேயும் வக்கீல் கூட இருக்க வேண்டும். சோதனையில் சொல்வது மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீசிடம் சொன்னதற்குச் சமம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் காவலில் வைத்தார்கள், எப்படி விசாரித்தார்கள் என்பதை மாஜிஸ்திரேட் கணக்கில் எடுக்க வேண்டும். சோதனையை மருத்துவமனை போன்ற தனி அமைப்பு, வக்கீல் முன்னிலையில் நடத்த வேண்டும். தகவல் எப்படிப் பெறப்பட்டது என்பது மருத்துவ விவரம் உட்பட முழுமையாகப் பதிவாக வேண்டும்.

சம்மதித்து உட்கார்ந்தாலும் சோதனை முடிவு தன்னளவில் சாட்சியம் ஆகாது. அப்படியானால் போலீஸ் ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறது என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். தானாக முன்வந்து உட்கார்ந்த சோதனையின் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அது ஏற்கப்படலாம் என்று அதே தீர்ப்பு வழி விட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 23ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. இரண்டாவது காரணம்தான் பெரியது: "மிஷின் சொல்லிவிட்டது" என்று சொல்லி ஆளை உடைப்பது. கோடுகளுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லாததால், கோடுகளைக் காட்டி வாங்கும் வாக்குமூலத்துக்கும் மகசருக்கும் மதிப்பு ஏறிவிடுகிறது. ஆய்வாளர் விசாரணை அதிகாரியின் கையாளாக மாறுவது இந்த இடத்தில்தான்.

இதன் முழு உருவத்தைப் பார்க்க நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1990இல் ஜெஃப்ரி டெஸ்கோவிச் என்ற 16 வயதுப் பள்ளி மாணவனை, வகுப்புத் தோழி கொலை வழக்கில், பாலிகிராஃபுக்கு அழைத்துப் போனார்கள். சோதனை செய்தவர் ஷெரிஃப் அலுவலகத்துப் புலனாய்வாளர். சீருடை இல்லை, தான் போலீஸ் என்று சொல்லவும் இல்லை. சின்ன அறை. சாப்பாடு கிடையாது, காபி மட்டும் திரும்பத் திரும்ப. பெற்றோரோ வக்கீலோ கூட இல்லை. மணிக்கணக்கில் நடந்தது. கடைசியில் நீ தேறவில்லை என்று சொல்லி நெருக்கினார்கள். பையன் மேசைக்கடியில் சுருண்டு படுத்து அழுதபடி ஒப்புக்கொண்டான். நீதிமன்ற விசாரணைக்கு முன்பே டிஎன்ஏ முடிவு அவனுடையது இல்லை என்று வந்திருந்தும், அந்த ஒப்புதலை நம்பித் தண்டித்தார்கள். 2006இல் டிஎன்ஏ உண்மையான கொலையாளியைக் காட்டும்வரை 16 ஆண்டு சிறை. 2014இல் கூட்டாட்சி நீதிமன்ற நடுவர் குழு அவருக்கு 4 கோடியே 16 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று முடிவு செய்தது. அந்த அறையில் கருவி பழுதாகவில்லை. ஆய்வாளர் ஆரம்பத்திலிருந்தே ஒப்புதல் வாங்கத்தான் உட்கார்ந்திருந்தார்.

நம் பக்கத்திலும் இந்தத் துறை கறை படாமல் இல்லை. கோட்டயம் கன்னியாஸ்திரீ அபயா 1992இல் இறந்த வழக்கில், 2007இல் பெங்களூரில் நார்கோ சோதனை நடந்தது. அதன் குறுந்தகடுகள் வெட்டி ஒட்டப்பட்டவையா என்ற கேள்வி கேரள நீதிமன்றங்களில் எழுந்தது. சோதனையில் முக்கியப் பங்கு வகித்த ஆய்வுக்கூட அதிகாரி, தன் சான்றாவணங்களில் நடந்த முறைகேட்டுக்காக 2009இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அது மருந்து கொடுத்துச் செய்யும் சோதனை, பாலிகிராஃப் வேறு. ஆனால் பாடம் இரண்டுக்கும் பொது: சோதனை செய்பவரின் தகுதிச் சான்றையும், வெட்டப்படாத மூலப் பதிவையும் கேட்டு வாங்காமல் எந்த முடிவையும் நம்பக் கூடாது. பாலிகிராஃப் ஆய்வாளருக்கென்று தனி உரிமச் சட்டம் இந்தியாவில் இல்லை. எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை ஆண்டு அனுபவம் என்று வக்கீல் எழுத்தில் கேட்பதில் எந்தத் தவறும் கிடையாது.

அறைக்குள் என்னவெல்லாம் கெடும் என்று வரிசையாகப் பார்ப்போம். சோதனைக்கு முந்தின இரவிலிருந்தே தொடங்க வேண்டும். பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் 300 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி ஜீப்பிலோ ரயிலிலோ தூக்கமில்லாமல் கொண்டுபோய், காலையில் ஒரு சாயா மட்டும் கொடுத்து உட்கார வைத்தால், வரும் கோடு களைப்பின் கோடு. முந்தின நாள் கடுமையாக விசாரித்துவிட்டு மறுநாள் சோதனை வைப்பதும் அப்படித்தான். ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் தூங்கினாய், என்ன சாப்பிட்டாய், என்ன மாத்திரை எடுக்கிறாய், யாராவது அடித்தார்களா. ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ தரும் ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை இதயத்துடிப்பையே மாற்றும். ஆஸ்துமா இருந்தால் மூச்சுப் பதிவு கெடும். இதய நோய், கர்ப்பம், காய்ச்சல், மது போதை, மனநலச் சிகிச்சை என்று எது இருந்தாலும் மருத்துவர் பார்க்காமல் நடத்தக் கூடாது. உடம்பில் காயத்தைப் பார்த்தும் குறிப்பில் எழுதாமல் சோதனையைத் தொடரும் ஆய்வாளர், அடித்தவருக்குத் துணை போகிறார்.

முறையான சோதனை இரண்டு, மூன்று மணி நேரம் எடுக்கும். அதில் பாதி கருவி மாட்டாமல் நடக்கும் முன்பேச்சு. எல்லாக் கேள்வியையும் அப்போதே வாசித்துக் காட்டிவிட வேண்டும். கருவி ஓடும்போது புதுக் கேள்வியைத் திடீரென்று எறிந்தால் யாருக்கும் கோடு ஏறும். திடுக்கிட்டதை ஏமாற்றுதல் என்று எழுதிவிடலாம். "நீ பணத்தை எடுத்தாயா, அல்லது எடுத்தவன் யாரென்று தெரியுமா?" என்று இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டுவதும் தவறு, எதற்குப் பதறினார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜாதி, படுக்கை, மதம், அரசியல், யூனியன் என்று வழக்குக்குச் சம்பந்தமில்லாததைக் கிளறுவது அப்பட்டமான வரம்பு மீறல். ஒப்பீட்டுக் கேள்வி என்ற பெயரில் பழைய சின்னச் சின்னத் தவறுகளைச் சொல்ல வைத்து, அதை எஸ்.ஐ.யிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதே ரகம்.

முன்பேச்சின் முடிவில் ஒரு எண் சோதனை நடக்கும். 1 முதல் 7 வரை ஒரு எண்ணை நினைத்துக்கொள், எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல் என்பார்கள். பிறகு "பார், நாலு என்றதும் மிஷின் பிடித்துவிட்டது" என்று காட்டுவார்கள். கருவியைச் சரிபார்க்கவும், ஆளைப் பழக்கவும் இது உதவும். ஆனால் குறியிட்ட சீட்டை வைத்தோ, எண்ணை முன்பே தெரிந்துகொண்டோ, கருவிக்கு எதுவும் தப்பாது என்று நம்ப வைக்க இதைச் செய்தால் அது வித்தை காட்டுதல். ஒரு எண்ணைக் கண்டுபிடித்ததால் திருட்டைக் கண்டுபிடிக்கும் என்று ஆகாது. தம்பியிடம் இதை மட்டுமாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த வித்தையைப் பார்த்துத்தான் பலருக்கு மனது விட்டுப்போகிறது.

புஜத்துப் பட்டையைக் கவனிக்க வேண்டும். சுமார் 60, 70 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் அதை ஊதி வைத்திருப்பார்கள். கைக்குள் போகும் ரத்தம் போகும்; திரும்பி வர வேண்டிய ரத்தம் நின்றுவிடும். நாலைந்து நிமிடத்தில் விரல்கள் கனக்கும், நீலம் பாயும், மரத்துப்போகும். அதனால்தான் ஒரு சுற்றில் பத்து கேள்விக்கு மேல் போகாமல், கேள்விக்குக் கேள்வி 20, 25 நொடி இடைவெளி விட்டு, ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக் காற்றை இறக்கிவிட்டு, ஓய்வு கொடுத்து அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். வலியோடு இருக்கும் கை எல்லாக் கேள்விக்கும் கோட்டை ஏற்றும். காற்றை இறக்காமல் பேசிக்கொண்டே இருப்பது சித்திரவதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "கை வலிக்கிறது, காற்றை இறக்குங்கள்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொன்னால்தான் ஒலிப்பதிவில் இருக்கும்.

மதிப்பெண் போடுவதில் நடக்கும் மோசடி வெளியில் தெரியவே தெரியாது. பரவலாக உள்ள முறையில் ஒவ்வொரு வழக்குக் கேள்விக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் -3 முதல் +3 வரை எண் கொடுப்பார்கள்; ஒப்பீட்டுக் கேள்வியில் அதிகம் பதறியிருந்தால் கூட்டல், வழக்குக் கேள்வியில் அதிகம் பதறியிருந்தால் கழித்தல். மூன்று வழக்குக் கேள்வி, மூச்சு, தோல், நாடி என்று மூன்று பதிவு, மூன்று சுற்று என்றால் 27 எண்கள். கூட்டுத்தொகை +6 அல்லது மேலே போனால் பொய்யில்லை. -6 அல்லது கீழே போனால் பொய் அடையாளம். நடுவில் நின்றால் முடிவில்லை. இந்த 'முடிவில்லை' என்பது முழு உரிமையுள்ள முடிவு. அதைப் 'பொய்' பக்கம் தள்ளி எழுதுவதும், வேண்டிய விடை வரும்வரை நாலாவது, ஐந்தாவது சுற்று ஓட்டுவதும், சாதகமான சுற்றைக் கோப்பில் சேர்க்காமல் விடுவதும், எண்ணே போடாமல் 'முகபாவனை சரியில்லை' என்று எழுதுவதும் கேள்விப்படாத விஷயங்கள் இல்லை. இருமினாலும் கால் அசைந்தாலும் கருவியை ஏமாற்றப் பார்த்தான் என்று எழுதிவிடலாம். வழக்கு விவரம் தெரியாத இன்னொரு ஆய்வாளரிடம் கோடுகளை மட்டும் கொடுத்துத் தனியாக மதிப்பெண் போடச் சொல்வதுதான் இதற்கு மருந்து. அந்த இரண்டாம் கையெழுத்து அறிக்கையில் இருக்கிறதா என்று வக்கீல் பார்க்கட்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் இந்தக் கருவி தவறும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிய சோதனை தற்செயலைவிட நன்றாகவே பிரித்தறியும், ஆனால் பிழையற்ற நிலைக்கு வெகுதூரம் கீழே நிற்கிறது என்றது. 10,000 ஊழியரில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்து அது ஒரு கணக்குப் போட்டது: 8 உளவாளிகளைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கூர்மையாக்கினால், கூடவே சுமார் 1,600 அப்பாவிகளும் மாட்டுவார்கள். சோவியத்துக்கு உளவு சொன்ன சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், உளவு வேலையைத் தொடங்கிய பிறகு 1986லும் 1991லும் தேறினார். பல பெண்களைக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984இல் தேறினார். ஆகவே 'மிஷின் தப்புச் சொல்லாது' என்று சொல்லும் ஆய்வாளர் தன் தொழிலைப் பற்றியே பொய் சொல்கிறார்.

சோதனை முடிந்த அடுத்த அரைமணி நேரம்தான் மிக ஆபத்தானது. பட்டைகளைக் கழற்றியதும், "மோனே, எனக்கு வருத்தமாக இருக்கிறது, மிஷினில் தெளிவாக வந்துவிட்டது. கஷ்டத்துக்கு எடுத்திருப்பாய். பணத்தைக் காட்டிவிட்டால் நான் சாரிடம் சொல்கிறேன்" என்று பேச்சு இனிமையாகத் தொடங்கும். 27 எண்ணைக் கூட்ட வேண்டிய வேலை அப்போது தொடங்கியே இருக்காது. முடிவு வருவதற்கு முன் முடிவு சொல்வது, தேறியவரிடம் தேறவில்லை என்று சொல்வது, மன்னிப்பு வாங்கித் தருவேன் என்று ஆசை காட்டுவது மூன்றும் ஒழுக்கக்கேடு. பெரும்பாலும் இந்த நேரத்தில் காமிராவும் அணைந்திருக்கும். தம்பி சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "என் வக்கீல் இல்லாமல் இனி எதுவும் பேச மாட்டேன்." அதைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

ஊருக்குள் செய்தி கசிவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'நுணபரிசோதனயில் குடுங்கி' (பொய்ச் சோதனையில் மாட்டிக்கொண்டான்) என்று ஒரு வரி வந்தால் ஆலையில் வேலையும், சொந்தத்தில் கல்யாணப் பேச்சும் போய்விடும். பிறகு வழக்கில் விடுதலையானாலும் அது திரும்பாது. சோதனை நடக்கும் தேதியைக்கூட வெளியே சொல்லக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடமே வக்கீல் கேட்டு வைக்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் பாலக்காடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தையோ சித்தூர் தாலுகா குழுவையோ அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஸ்டேஷனுக்கு மறுபடி கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். தம்பி சந்தேகிக்கப்படுபவரா, சாட்சியா என்று அதில் இருக்க வேண்டும். சாட்சி என்று சொல்லிக் கூப்பிட்டாலும், பதில் தன்னையே மாட்டிவிடும் என்றால் 20(3) பாதுகாப்பு அவருக்கும் உண்டு. மறுப்பதென்றால் வாயால் மட்டும் மறுக்காமல், "பாலிகிராஃப் சோதனைக்கு எனக்குச் சம்மதமில்லை" என்று தமிழில் எழுதி, தேதி போட்டு, நகல் எடுத்து, வக்கீல் மூலம் கொடுங்கள். மறுத்ததை வைத்துக் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது. என் கருத்தைக் கேட்டால் மறுப்பதுதான் நல்லது. தேறினாலும் அது அவருக்குச் சாட்சியம் ஆகப்போவதில்லை, போலீஸ் விட்டுவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. தேறாவிட்டால் நெருக்கடி மட்டும் மிச்சம்.

எல்லாம் கேட்டும் தம்பி போகத்தான் விரும்பினால், மாஜிஸ்திரேட் முன்னால் தமிழில் விளக்கம் கேட்கச் சொல்லுங்கள். கேரளத்தில் தமிழ் சிறுபான்மை மொழியாக அங்கீகரிக்கப்பட்டது, தயங்க வேண்டாம். நிபந்தனைகளை உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள்: தமிழ்க் கேள்வித்தாள், காவல்துறை சாராத மொழிபெயர்ப்பாளர், வக்கீல் முன்னிலை, முதல் நிமிடம் முதல் வெளியே வரும்வரை ஒலி, ஒளிப் பதிவு, முந்தின இரவு தூக்கம், மருத்துவப் பரிசோதனை, சோதனைக்குப் பிறகு விசாரணை இல்லை என்பது. எந்த நிமிடத்திலும் போதும் என்று எழுந்துவிடும் உரிமை உண்டு என்பதும் அதில் இருக்கட்டும்.

ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால், அன்று இரவே உட்கார்ந்து நினைவில் உள்ளதை எழுத வைக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், என்ன சாப்பிடக் கொடுத்தார்கள், அறையில் யார் யார், தன்னை யார் என்று சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள், எத்தனை சுற்று, பட்டையை எவ்வளவு நேரம் கழித்து இறக்கினார்கள், கேள்விகள் அதே வார்த்தையில், 'தேறவில்லை' என்று யார் எப்போது சொன்னார். மறுநாள் வேண்டாம், மறுநாள் பாதி மறந்துவிடும். புஜத்தில் தடிப்போ நீலமோ இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு வாங்குங்கள். ஸ்டேஷன் சிசிடிவி பதிவைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை அழிக்காமல் பாதுகாக்க வக்கீல் உடனே மனுப் போட வேண்டும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாங்கித் திருப்திப்படாதீர்கள். கணினிப் பாலிகிராஃபில் மூலக் கோப்பு ஒன்று இருக்கும். எத்தனை சுற்று ஓடியது, எந்த நொடியில் எந்தக் கேள்வி, எந்தப் பதிவை எவ்வளவு பெருக்கிக் காட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அச்செடுத்த தாளில் சின்ன அலையை மலையாக்கிக் காட்டலாம். மூலக் கோப்பில் அது முடியாது. கேள்விப் பட்டியல், மதிப்பெண் தாள், முழுப் பதிவு, விசாரணை அதிகாரி ஆய்வாளருக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டு மனுப் போட வேண்டும். அந்தக் கடிதத்தில் "இவர்தான் எடுத்தது என்று சந்தேகம்" என்று முன்கூட்டியே எழுதியிருந்தால், ஆய்வாளர் எந்த மனதோடு உட்கார்ந்தார் என்பதற்கு அதுவே சான்று.

புகார் கொடுக்க இரண்டு மூன்று வழி உண்டு. கேரள போலீஸ் சட்டம் 2011இன் 110ஆம் பிரிவுப்படி மாநில, மாவட்ட அளவில் போலீஸ் புகார் ஆணையம் இருக்கிறது. மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆய்வாளர் போலீஸ் ஆள் இல்லை, ஆய்வுக்கூட ஊழியர் என்றால், அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநருக்கும் உள்துறைச் செயலருக்கும் பதிவுத் தபாலில் தனிப் புகார் அனுப்புங்கள். வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் போடும் மனுவோடு அந்தத் தபால் ரசீது நகலையும் இணைத்துவிடுங்கள்.